முடிச்சு உள்ளே போன இடம்

மெஷினில் பஞ்சுப் போர்வை தைப்பவர்களுக்குக் கோடு ஓட்டுவது பெரிய காரியமில்லை. கோடு எங்கே தொடங்குகிறதோ, எங்கே நிற்கிறதோ, அங்கேதான் வம்பு. மேல்நூல் ஒன்று, பாபினிலிருந்து வரும் அடிநூல் ஒன்று, இரண்டும் எலி வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒட்ட வெட்டினால் முதல் சலவையிலேயே தையல் பிரிந்து பல்லை இளிக்கும். அந்த வீட்டில் அதற்கு வால் என்றே பெயர். அந்த வால்களை மறைக்கிறவளுக்கு வாலம்மா என்று பெயர் வைத்தவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தொட்ட தங்கைக்கு வேறு நல்ல பெயர் அவனுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மெஷின் அண்ணியுடையது. அவள் உட்கார்ந்திருந்தால் யாரும் கிட்டே போக முடியாது. எழுந்தால் உறை போட்டு மூடிவிடுவாள். சடசடவென்று கோடுகளை ஓட்டி முடித்துப் போர்வையை நாத்தனார் மடியில் எறிவாள். வாலம்மா அடிநூலை மேலே இழுத்து, இரண்டு வாலையும் சேர்த்துத் துணியை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, ஊசியில் கோத்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே இருக்கும் பஞ்சுக்குள் ஓட்டுவாள். கொஞ்சம் தள்ளி வெளியே எடுத்து ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு டப்பென்று உள்ளே போய்விடும். மிச்ச நூலை வெட்டினால் அதுவும் உள்ளே ஓடிவிடும். அப்புறம் கடவுளே வந்து தேடினாலும் கிடைக்காது. பார்க்க வருகிறவர்கள் கோடு எவ்வளவு அழகு என்று அண்ணியை மெச்சுவார்கள். நாத்தனார் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "நூல் வெட்டுவா" என்பாள் அண்ணி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வாலம்மா படுப்பதும் அந்த மெஷின் அறையில்தான், பஞ்சு மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையில். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாபின் தேடி, கத்தரி தேடி, கோபித்துக்கொண்டு வந்து உட்கார இடம் தேடி, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள்.

அதனால்தான், வழக்கமாகப் போர்வை வாங்கும் கடைக்காரம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "புதுசா ஒரு தையல் கூடம் ஆரம்பிக்கிறேன். போர்வையைச் சுத்தமா முடிச்சு அனுப்புறதைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். மாடியில ரூம் இருக்கு, தங்கிக்கலாம். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டபோது, வாலம்மாவின் காதில் ரூம் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்களா?"

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். "இருக்கு, இருக்கு. அடுத்த வாரம் வர்றேன். உங்க வேலையை எடுத்து வைங்க, பார்க்கிறேன்."

அண்ணன் வழக்கம்போல, "அண்ணிகிட்ட கேட்டுக்கோ" என்று நழுவிவிட்டான். அண்ணி மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போறதுன்னா போ. உன்னை யாரு கட்டி வெச்சிருக்கா? நீ இல்லன்னா இங்க குடி முழுகிடாது."

சொன்னதோடு விடாமல், ஒரு போர்வையை அவளே முடித்தும் காட்டினாள். கோடு தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும் மெஷினை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுக் கத்தரியால் ஒட்ட நறுக்கினாள்.

"பார்த்தியா? இதுக்குப் போய் நீ நாள் கணக்கா உட்கார்ந்திருக்க."

"பார்த்தேன் அண்ணி."

பார்த்ததுதான் வினையாகிப் போயிற்று. அடித்துணியில் நூல் குவிந்து கட்டி கட்டியாக நின்றது. சில இடங்களில் கத்தரி தையலையே கடித்திருந்தது; கோடு வாயைப் பிளக்கத் தொடங்கியிருந்தது. இதைப் பார்த்தால் கடைக்காரம்மாவுக்கு வேறு எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாலம்மா செய்ய வேண்டியதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது ஒன்றுதான். அந்த ஒன்றுதான் அவளுக்கு வரவில்லை.

அண்ணி மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது ஒரே ஒரு இடத்தைச் சரிசெய்யலாம் என்று போர்வையை எடுத்தாள். கட்டியைப் பிரித்து, வால் நீளும்வரை தையலை அவிழ்த்து, அவிழ்த்த இடத்தைப் பழைய துளைகளிலேயே கையால் தைத்து, முடிச்சை உள்ளே தள்ளினாள். இதைச் செய்ததும் பக்கத்து இடம் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. மறுநாள் மத்தியானமும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். அண்ணிமேல் அவ்வளவு பாசமா என்றால், மண்ணாங்கட்டி. தங்கள் வீட்டுப் போர்வையைத் திருப்பிப் பார்த்து ஒருத்தி உதட்டைப் பிதுக்குவதை அவளால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

கடைக்காரம்மா வந்ததும், வாலம்மா முடித்தது ஒன்றும் அண்ணி முடித்தது ஒன்றுமாக அங்கே இருந்த இரண்டு போர்வைகளையும் கட்டிலில் குப்புற விரிக்கச் சொன்னாள். விவரமானவள், மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அடித்துணியில் உள்ளங்கையை வைத்து மூலைக்கு மூலை தடவினாள்.

"இதுல எது உங்களோடது?"

வாலம்மா காட்டினாள்.

"அப்போ இது?"

"அது நான் தனியா முடிச்சது" என்றாள் அண்ணி.

கடைக்காரம்மா மறுபடியும் தடவினாள். "ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு. மெஷினும் தெரிஞ்சு, முடிக்கவும் தெரிஞ்ச ஆள் இருக்கும்போது எனக்கு எதுக்கு இன்னொருத்தர்?" அண்ணியின் பக்கம் திரும்பினாள். "பேசாம நீங்களே வந்துடுங்க. வீடு பக்கம்தானே, தங்க வேண்டியதில்ல. மாடி ரூம்ல பஞ்சை அடுக்கிக்கிறேன்."

வாலம்மா முன்னால் வந்தாள். "அதையும் நான்தாங்க சரி பண்ணேன். அண்ணி முடிச்சதைப் பிரிச்சுட்டு, திரும்ப..."

"எந்த இடம்? காட்டுங்க."

வாலம்மா கட்டில்மேல் குனிந்தாள். மூலைக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. தடவினாள். துணி வழவழவென்று இருந்தது. அதற்கு அடுத்த கோட்டில் தேடினாள். வெளிச்சம் படும்படி தூக்கிப் பிடித்தாள். "இங்கதாங்க... இதுக்குப் பக்கத்துல..." ஒன்றும் அகப்படவில்லை. பாவி, அவ்வளவு சுத்தமாகச் செய்து வைத்திருந்தாள்.

அண்ணியின் கையும் போர்வைமேல் ஊர்ந்தது. தான் விட்ட கட்டிகள் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவள் விரல் அந்த இடத்தில் போய் நின்றது, அழுத்திப் பார்த்தது, பக்கத்தில் நகர்ந்து மறுபடி அழுத்திப் பார்த்தது. நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். வாலம்மா அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணி போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

"அவ ஏதாவது சொல்லிட்டிருப்பா. நீங்க எப்போ வரச் சொல்றீங்களோ, வந்துடுறேன்."

கடைக்காரம்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அண்ணி திரும்பி வந்தபோது வாலம்மா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுது. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணி."

"ஏன் தொட்ட?" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. "ஜம்பத்துக்கு முடிச்சேனே தவிர, கேவலமா இருந்துதுன்னு எனக்கே தெரியும். அந்தம்மா அதைத் திருப்பிப் பார்த்துட்டு உன்னைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு இந்த வாரம் பூரா ராத்திரியில எனக்குத் தூக்கம் இல்ல. நீ ஒரு பிசிறு கூட மிச்சம் வைக்கலயே. உனக்காக நான் எதைக் காட்டி என்னன்னு சொல்றது?"

முன்னறையிலிருந்து அண்ணன் பேச்செல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டான். "முடிஞ்சுது" என்று குரல் கொடுத்துவிட்டு அண்ணி மெஷினுக்கு உறை போட்டாள்.

வாலம்மா வாயைத் திறந்தாள். அண்ணியை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பொங்கி வந்த கோபம் பாதியிலேயே அடங்கிவிட்டது. அது போய்ச் சேர வேண்டிய ஆள் அண்ணி இல்லை, தானேதான் என்று தெரிந்த பிறகு அவளுக்கு அழுகைகூட வரவில்லை.