மருந்து எழுதக் கேட்டவள்

1

இந்தக் கதை ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. மருத்துவமனையின் சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த ரெய்லீன், மூன்றாவது பல்கலைக்கழகமும் தன்னை வேண்டாம் என்றுவிட்டதாகச் சொன்னாள். "என் விண்ணப்பத்த மனுஷங்க யாரும் படிக்கவே இல்லடி. நம்பரப் பாத்துட்டு மெஷினே தள்ளி விட்டுடுச்சு."

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'கென்டக்கி மலைகளின் மேல் மூடுபனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல—'

வேண்டாம். நான் பல வருடங்களாக இந்த மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே யாரும் மூடுபனியை வர்ணிப்பதில்லை. அதில் வண்டி ஓட்டி வந்த கஷ்டத்தைத்தான் பேசுவார்கள்.

2

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெய்லீன் ஸ்டிடம் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நாற்பதைத் தாண்டியவள். நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிடலாம்: எழுதுவது. நர்ஸ் மருந்து கொடுக்கலாம், எழுத முடியாது. நர்ஸ் பிராக்டிஷனர் நோயாளியைத் தானே பார்த்து மருந்து எழுதலாம். அதற்கு மேற்படிப்பு வேண்டும். மேற்படிப்பில் சேர, இளங்கலையில் சராசரி நாலுக்குக் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ரெய்லீனுடையது இரண்டே முக்கால்.

அவள் குடியிருக்கும் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு கிளினிக் இருந்தது. அதை நடத்திய நர்ஸ் பிராக்டிஷனர் ஓய்வு பெற்றதும் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு, ரத்த அழுத்த மாத்திரைக்கு மறுசீட்டு வாங்கக்கூட மலையைத் தாண்டிப் போக வேண்டும். ரெய்லீன் பள்ளிக்குப் போன காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் ஓப்பல் நேப்பியர். இப்போது அவருக்கு வண்டி ஓட்டும் அளவுக்குக் கண் தெரிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ரெய்லீனின் சமையலறைக் கதவைத் தட்டினார். மாத்திரை தீர்ந்து நாளாகிவிட்டதாம்.

"நீயே எழுதிக் குடுத்துடேன், கண்ணு. உனக்குத் தெரியாததா?"

"தெரியும் ஓப்பலம்மா. எழுதத்தான் முடியாது."

மறுநாளே ரெய்லீன் மலைக்கு அப்பால் இருக்கும் டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சினாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அதற்குள் ஓப்பலம்மா பக்கவாதத்தில் விழுந்து எங்கள் அவசரப் பிரிவுக்கே வந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை.

(நான் மேசை முன் உட்கார்ந்து யாரை வேண்டுமானாலும் எழுதிவிடுகிறேன். ரெய்லீனால் ஒரு மாத்திரையை எழுத முடியவில்லை. இதைக் கதைக்குள் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். அடைப்புக்குறிக்குள் வைத்தால் சொன்னதாகாது என்று ஒரு நம்பிக்கை.)

3

இரண்டாவது வரைவில் அப்பா வந்தார்.

ரெய்லீனின் அப்பா சுரங்கத் தொழிலாளி. நிலக்கரித் தூசி நுரையீரலை அடைத்து இறந்தவர். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தலைமை நர்ஸ் மார்னா நல்ல எண்ணத்தோடுதான் யோசனை சொன்னாள். அப்பா படுக்கையில் கிடந்ததால் படிக்க முடியவில்லை என்று எழுது, படிக்கிறவர்களுக்குக் கண் கலங்க வேண்டும் என்றாள். மதிப்பெண் விழுந்தது இரண்டாம் ஆண்டில். அப்பா நோயில் விழுந்து இறந்ததோ அதற்கு அடுத்த வருடம். கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள் என்பது மார்னாவின் வாதம்.

கதை எழுதுகிறவளுக்கும் அந்த நகர்த்தல் பிடித்திருந்தது. 'அவள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டில் அப்பா ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கொண்டிருந்தார்' என்று எழுதினேன். அதை ரெய்லீனுக்குச் சொல்லியும் காட்டினேன். சோள ரொட்டியை பீன்ஸில் தோய்த்துத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எங்கப்பா செத்த வருஷந்தான் நான் நல்லாப் படிச்சேன்," என்றாள். "அவரு கட்டில் பக்கத்துல உக்காந்து பாடத்தை சத்தமா வாசிப்பேன். ஒண்ணும் புரியாது அவருக்கு. ஆனா, நிறுத்தவிட மாட்டாரு. அந்த வருஷத்தைத் தூக்கி வேற எடத்துல வெச்சா, அவரு கேட்டது இல்லாமப் போயிடும்ல."

வரைவைத் தூக்கிப் போட்டேன்.

4

அப்படியானால் இரண்டாம் ஆண்டில் என்னதான் நடந்தது?

கெண்டல்* என்று ஒருவன். பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பான். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனுடைய பழைய வேனில் ஊர் ஊராகப் போனார்கள். எங்கெல்லாம் பாட்டுக் கூட்டம் நடந்ததோ அங்கெல்லாம் இவள் அவனோடு நின்று இரண்டாவது குரல் பாடினாள். வேதியியல் ஆய்வக வகுப்புகள் போயின. உடற்கூறியல் தேர்வன்று டென்னசியில் ஏதோ ஓர் ஏரிக்கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம் வந்ததும் அவன் பாட்டுக்காரர்கள் வாய்ப்புத் தேடிப் போகும் நாஷ்வில் நகரத்துக்குப் போனான், இவள் வீடு திரும்பினாள். சண்டையில்லை, துரோகமில்லை.

"அந்த ஒரு வருஷம் நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்டி. அதைப் போயி, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு எப்படி எழுதுவேன்?"

இந்த இடத்தில் எனக்கு என் வாசகர்கள் மேல் சந்தேகம் வந்தது. துக்கத்தால் குறைந்த மதிப்பெண்ணை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். சந்தோஷத்தால் குறைந்ததை?

அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொன்னபோது ரெய்லீனின் கண்களில்—

(முடியவில்லை. வேறு விதமாகச் சொல்கிறேன்.) பேசி முடித்ததும் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

* நிஜப் பெயர் வேறு. மாற்றச் சொன்னது ரெய்லீன்தான். தமிழில் எழுதுவதை அவன் எங்கே படிக்கப் போகிறான் என்றேன். நாஷ்வில்லில் தமிழர்களே இல்லையா என்று திருப்பிக் கேட்டாள்.

5

இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒரு வழி இருந்தது. சேர்க்கை கிடைக்காதவர்களும் மேற்படிப்பின் ஒரு பாடத்தைத் தனியாகப் படிக்கலாம். அதில் தேறினால் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒதுக்க மாட்டார்கள். நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றிய பாடம் அது. பணி நேரம் போக மிஞ்சிய நேரமெல்லாம் படித்து முதல் தர மதிப்பெண் வாங்கினாள். கணினி வழியே நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

சமையலறையில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் என்னைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டாள். பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் கடுமையானவர் அல்ல. பிற்பாடு வாங்கியதெல்லாம் நன்றாக இருக்கிறதே, இரண்டாம் ஆண்டில் மட்டும் என்ன ஆயிற்று என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அப்பாவைச் சொல்லித் தொலை என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஒரு பையனோட பாடப் போயிட்டேன், மேடம்," என்றாள் ரெய்லீன். "வீட்ல கஷ்டம் ஒண்ணும் இல்ல. அது வேணும்னு இருந்துச்சு, போனேன். இப்ப இது வேணும்னு இருக்கு. அன்னிக்கு அது எவ்வளவு வேணும்னு இருந்துச்சோ, அதைவிட ஜாஸ்தியா."

பேராசிரியர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கதாசிரியைக்கு எல்லாம் தெரியும் என்பது பொய்.

6

வந்த பதில்: காத்திருப்போர் பட்டியல். அதில் அவள் பெயர்தான் முதலில். வகுப்பு ஆகஸ்டில் தொடங்கும். அதற்குள் இடம் கிடைத்த யாராவது ஒருவர் வேண்டாம் என்று விலகினால், அது ரெய்லீனுக்கு.

ஒரு முடிவு எழுதினேன். இடம் கிடைக்கிறது, படிக்கிறாள், பூட்டிக்கிடந்த கிளினிக் திறக்கிறது, தன் கையெழுத்தில் முதல் மருந்தை எழுதுகிறாள். நன்றாகவே வந்தது. அதனாலேயே நம்பிக்கை போய்விட்டது. இன்னொரு முடிவு: 'செப்டம்பரில் ரெய்லீன்—' அதற்கு மேல் பேனா நகரவில்லை.

பிறகுதான் புரிந்தது. இந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாத ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் விலக ஒரு காரணம் வேண்டும். உடம்புக்கு வந்துவிட்டது என்று வைக்கலாமா, வீட்டில் ஒரு சாவு என்று வைக்கலாமா என்று ரெய்லீனிடமே கேட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆக வேணாம்," என்றாள். "அப்படி ஒரு எடம் எனக்கு வேணாம். நல்லதா ஒரு காரணம் கண்டுபிடி."

நானும் தேடித்தான் பார்க்கிறேன். எனக்குத் துக்கம்தான் சுலபமாக வருகிறது. அதனால் உங்களிடம் விடுகிறேன். அந்த யாரோ ஒருவருக்குப் பெயர் வையுங்கள். ஒரு வீடு கொடுங்கள். இந்தப் படிப்பை விட்டுவிடும் அளவுக்கு அவருக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும். நடக்காமலும் போகலாம், அதுவும் உங்கள் இஷ்டம்.

ஆகஸ்ட் இன்னும் வரவில்லை. ரெய்லீன் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். யாருக்காவது ஊசி போடும்போது மட்டும் அதை எடுத்து மேசையில் கவிழ்த்து வைக்கிறாள்.