ஓரத்து ஆட்கள்

"நான் இதுல இல்லக்கா" என்று தங்கை தொலைபேசியில் சொன்னபோது நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேசைமேல் உள்ள கம்ப்யூட்டரில், எங்கள் பாட்டுக் குழுவின் புத்தம் புதிய இணையதளத்தில், முதல் பக்கப் படத்தில், வலது ஓரத்தில், நீல ஸ்வெட்டரும் வாயெல்லாம் பல்லுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருடி."

"போட்டுக்கிட்டுதான் பாக்குறேன். இல்ல."

"என் கண்ணு முன்னாடி மலையாட்டம் நிக்கிற!"

"என் கண்ணு முன்னாடி யாருமே நிக்கலையே. எடுத்துட்டாங்கக்கா. சொல்லாம எடுத்துட்டாங்க. நான் இனிமே வரல."

போனை வைத்துவிட்டாள். இருக்கிறாய், இல்லை என்று நாங்கள் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்கு மேலே மூன்று மாடிக்காரர்களும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அதிலும் தங்கையின் குரல் தனி ரகம். கனத்த, கீழ்க்குரல். அவள் ஒரு வரியை இழுத்துப் பாடினால் தெருவில் லாரி வருகிறது என்று நினைத்து ஓரமாக ஒதுங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். போன சனிக்கிழமைதான் எங்கள் தலைவி, "கொஞ்சம் அடக்கிப் பாடுங்கம்மா, மத்தவங்களும் இருக்காங்க" என்று சொல்லியிருந்தார். இந்த வாரம் படம். தங்கை இரண்டையும் கூட்டிக் கணக்கை முடித்துவிட்டாள். யாராவது போ என்று சொல்லும் முன்பே செருப்பை மாட்டிக்கொள்வது அவள் பிறவிக் குணம். இரண்டு வேலைகளையும் ஒரு சம்பந்தி வீட்டையும் அப்படித்தான் விட்டாள். அவள் கணவர் போய்ச் சேர்ந்தபிறகு தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு மாடிப்படி இறங்குவது சனிக்கிழமை மட்டும்தான். அதையும் விட்டால் அந்த வீட்டுக்குள் அவளும் ரேடியோவும் மட்டும் இருப்பார்கள். ரேடியோதான் முதலில் பைத்தியமாகும்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதே பக்கம், அதே படம். நடுவில் தலைவி கோபுரம்போல நிற்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். வலது ஓரத்தில் தங்கை இல்லை. யாரோ ஒருவரின் தோளில் முளைத்த மாதிரி நீல ஸ்வெட்டரின் ஒரு மடிப்பு மட்டும் இருந்தது. நான் போனைத் திருப்பிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன், அவள் பின்பக்கமாக விழுந்துவிட்டாளோ என்று போன் உறையைக்கூடக் கழற்றிப் பார்த்தேன்.

"பாத்தியா?" என்றாள். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "உன்னையும்தான் காணோம்" என்றாள்.

அப்போதுதான் இடது பக்கம் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் படமே முடிந்துவிட்டிருந்தது. ஒரு மூக்குகூட மிச்சம் இல்லை. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவோம் என்று தலைவி எப்போதும் ஆளுக்கொரு ஓரமாகத்தான் நிறுத்துவார். அந்த முன்னெச்சரிக்கை இப்படி முடிந்திருக்கிறது.

"சந்தோஷமா இருக்குடி. உன்னை மட்டும் எடுக்கலையே" என்றேன்.

"ஆமா. குடும்பத்தோட எடுத்திருக்காங்க."

தளத்தைச் செய்து கொடுத்தவர் தலைவியின் மருமகன். காசு வாங்காமல் செய்தவர். அதனால் யாரும் வாயைத் திறக்க முடியாது. குழு முழுக்க அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். மாமியார் அறைக்குள் வந்தால் மட்டும் நாற்காலியின் நிறத்துக்கு மாறிவிடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"யாரும் எடுக்கல அத்தை. படம் ஒண்ணுதான். அது உக்கார்ற பெட்டி மாறுது. கம்ப்யூட்டர்ல அகலப் பெட்டி, போன்ல ஒல்லிப் பெட்டி. பெட்டி பூரா நிறையணும்னு 'கவர்'னு போட்டிருக்கேன். நிறைஞ்சது போக மிச்சம் வெளிய போயிடும்."

"அந்த மிச்சம் நானும் என் தங்கச்சியும்."

"ஓரத்துல ரெண்டு பேர்தானே போறாங்க அத்தை."

நான் லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் சோதித்த பெட்டிகளில் ஊரில் உள்ள பாதிப் பேராவது ஏறி இறங்கியிருப்பார்கள். அத்தனை பெட்டிகளிலும் ஒரு விதி உண்டு. ஓரத்தில் நிற்பவரின் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவு திறந்துகொள்ளும். கையை நறுக்கிக்கொண்டு மேலே போகாது. இதை அவரிடம் சொன்னேன். மனிதர் தலையைச் சொறிந்தார். வேண்டுமானால் படத்தை உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கமாக நகர்த்தலாம் என்றார். வலது பக்கம் தெரியும்படி வைத்தால் தங்கை வந்துவிடுவாளாம்.

"நான்?"

"நீங்க... இன்னும் கொஞ்சம் போயிடுவீங்க. உங்க பக்கத்துல நிக்கிற தபால்கார ஐயாவும் போவாரு."

"அவர் என்ன பாவம் பண்ணாரு?"

"இல்லன்னா 'கன்டெய்ன்'னு ஒண்ணு இருக்கு. முழுப் படமும் வரும். ஆனா சின்னதா ஆகி, பெட்டியில மேலயும் கீழயும் வெள்ளைப் பட்டை விழும். அசிங்கமா இருக்கும் அத்தை. மாமிக்குப் பிடிக்காது."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் நாற்காலி நிறத்தைத் தொட்டுவிட்டு வந்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பயிற்சி நேரத்தை மாற்றி எழுதுவது என் பொறுப்பு என்பதால் தளத்தின் கடவுச்சொல் என்னிடமும் இருந்தது. திருட்டு என்று சொல்ல முடியாது. சாவி கொடுத்த வீட்டில் அலமாரியை நகர்த்துவது, அவ்வளவுதான்.

அன்று மதியமே தங்கையின் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்தேன். உள்ளே ஒரு காட்டைப்போல வரிகள். அதில் படம் பெட்டிக்குள் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லும் 'ஆப்ஜெக்ட்-ஃபிட்' என்ற வரியைக் கண்டுபிடிக்க ஒரு யுகம் ஆனது. அதற்குள் தங்கை எனக்கு நான்கு தேநீரும் நாற்பது சாபமும் கொடுத்திருந்தாள். வரியைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை சொன்ன சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. 'ஃபில்' என்று ஒன்று, நிரப்பு என்று பொருள், பார்க்க நல்ல சொல்லாகத் தெரிந்தது. போட்டுவிட்டேன்.

தங்கையின் போனில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவரும் விட்டுப்போகவில்லை. ஆனால் அகலப் படத்தை ஒல்லிப் பெட்டிக்குள் நசுக்கி அடைத்ததில் அத்தனை பேரும் பென்சில்களாகியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவியிடமிருந்து போன்.

"போட்டோவை யாரு மாத்தினது? நானே என்னை அடையாளம் தெரியாம பாத்துக்கிட்டிருக்கேன். ரொம்ப லட்சணமா வந்திருக்கு! அதைத் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்."

வெற்றி என்று நான் இரண்டு கையையும் தூக்கினேன். தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது நான் இல்லக்கா."

"நீதான்டி. ஓரத்துல பாரு."

"என் தோள் இப்படியா இருக்கும்? இதுக்கு அந்த மடிப்பே தேவல. அதாச்சும் என்னோடதா இருந்துச்சு."

மறுபடியும் போன் அடித்தது. தலைவி அந்த லட்சணத்தைக் கணவருக்குக் காட்டலாமென்று பெரிய கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். அங்கே பெட்டி அகலம். போனில் பென்சிலாக இருந்தவர் அங்கே பீப்பாயாகிவிட்டார். காதிலிருந்து போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் தெளிவாகக் கேட்டது. தங்கைக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு மேசை குலுங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த லாரிச் சிரிப்பு. ஆனால் சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழையபடியே வெச்சிடுக்கா. நான்தான் வரப்போறதில்லையே, எதுக்கு வம்பு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. தலைவிமேல் அல்ல, மாப்பிள்ளைமேலும் அல்ல. அந்தப் பெட்டிமேல். வெட்டினால் அழகு, நசுக்கினாலும் அழகு, முழுசாக நின்றால் மட்டும் அசிங்கம் என்று சொல்கிற பெட்டி. அந்தக் கோபத்தில் மறந்த சொல் வந்துவிட்டது. 'கன்டெய்ன்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். போனில் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி நடுவில் உட்கார்ந்தது. மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே ஒரு வெள்ளைப் பட்டை. இடது ஓரத்தில் நான், வலது ஓரத்தில் அவள், அவரவர் பருமனோடு. தங்கை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாக நகர்த்திப் பார்த்தாள். தன் முகம் வந்ததும் ரொம்ப நேரம் நகர்த்தவில்லை.

"சனிக்கிழமை வர்றியா?"

"படம் அதுவரைக்கும் இப்படியே இருக்கான்னு பாப்போம்."

நூலகத்து மேல்மாடியில் எங்கள் பயிற்சி. அந்தச் சனிக்கிழமை நான் உள்ளே நுழையும்போது யாரும் பாட ஆரம்பிக்கவில்லை. தலைவி நடுவில் நின்றிருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை மடியில் மடிக்கணினி.

"பாதிப் பக்கம் வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருக்கு" என்றார் தலைவி. "பாக்கிறவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? மாப்பிள்ளை, மாத்துங்க."

"மாத்தினா நான் திரும்ப மாத்துவேன்" என்றேன்.

"நீங்க இந்தக் குழுவுல இருக்கணுமா வேண்டாமா?"

"இருக்கணும். அதுக்குத்தான் மாத்தினேன். தபால்கார ஐயா, உங்க போன்ல பாருங்க, என் பக்கத்துல உங்க கைத்தடி இருக்கு பாருங்க. போன வாரம் பாதிதான் இருந்துச்சு."

தபால்காரர் போனை எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். தலைவியின் பார்வை சுற்றி வந்து மருமகன்மேல் நின்றது. மனிதர் நாற்காலி நிறமாகிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். பாதிவரை ஆனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமி, ஒரு நிமிஷம் இங்க பாருங்களேன்" என்று மடிக்கணினியைத் திருப்பினார். பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்தார். பெட்டி ஒடுங்கியது, படமும் கூடவே சுருங்கியது. வெளியே தள்ளினார். பெட்டி விரிந்தது, படமும் விரிந்தது. பட்டைகள் பக்கவாட்டில் தோன்றி மறைந்து மேலும் கீழும் வந்தன. யாரும் விழவில்லை. நாங்கள் எல்லோரும் மூச்சு விடுகிற மாதிரி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தோம். தலைவி கையிலிருந்த பாட்டுத் தாள்களை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னும் சின்னதாக்குங்க மாப்பிள்ளை" என்று வாசலிலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததை எல்லோரும் கேட்டோம். தலைவி திரும்பவில்லை. தங்கை உள்ளே வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளை மாமியாரை ஒருமுறை பார்த்தார், பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். படம் விரல்நகம் அளவானது. அவர் இன்னும் இழுத்தார். பெரிய வெள்ளைக்கு நடுவில் ஒரு அரிசி அளவுக்கு எங்கள் குழு, முகம் தெரியாமல், மொத்தமாக, ஒரு ஓரமும் கழியாமல் நின்றுகொண்டிருந்தது.