விழுந்தபின் வரும் ஆட்டம்

கல்லூரி நாடகத்துறையின் அந்த ஆண்டு வரிசையில் மூன்று நாடகம், இரண்டு நடன நிகழ்ச்சி. கடைசி நாடகம் யாருடைய கதையோ அந்த மாணவனின் ஊரில் அதைப் போடுவது துறையின் வழக்கம். காளிராஜுக்கு இது தெரியவந்தபோது காரியம் கைமீறியிருந்தது.

முதல் பருவத்தில் பேராசிரியர் நவநீதகிருஷ்ணன், யாரிடமும் சொல்லாத ஒன்றை நடித்துக் காட்டச் சொன்னார். அப்பா பால்ச்சாமி பருத்திக் காட்டில் பூச்சிமருந்து குடித்துச் செத்ததைக் காளிராஜ் நடித்தான். எல்லாம் சொன்னான்: பச்சைக் கேன், நீலக் கட்டம் போட்ட சட்டை, வாயோர நுரை. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கேடு. நடித்தது நாடகமாகி மதுரையில் நான்கு காட்சி ஓடியது.

ஆனால் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி அறிந்தவரை பால்ச்சாமி நெஞ்சுவலியில் செத்தவர். அம்மா அழகுத்தாயும் காளிராஜும்தான் வீட்டுக்குத் தூக்கிவந்து, வாயைக் கழுவி, சட்டையை மாற்றி, பொழுது சாயுமுன் எரித்தார்கள். தங்கை பிருந்தாவிடமும் அதையே சொன்னார்கள். இப்போது அவளைத் தன் மகனுக்குக் கேட்டுப் பூ வைத்துப் போயிருந்தார் பந்தல்குடி சோலைச்சாமி. அவர் விசாரித்தது ஒன்றைத்தான்.

"வம்சத்துல மருந்து, கயிறுன்னு போனவுக உண்டா?"

"அப்படி யாரும் இல்லண்ணே" என்றிருந்தாள் அழகுத்தாய்.

ஊருக்கு வரும் வேனில் காளிராஜ் கேட்டான். "சார், எங்க ஊர்ல மட்டும் நெஞ்சுவலின்னு மாத்திக்கிடுவோம்."

"சாவையே மாத்திட்டா மிச்சம் என்னடா இருக்கு? உங்க ஜனம்தான் இதப் பாக்கணும்."

பேராசிரியருக்குக் கட்டிக்கொடுக்கத் தங்கை இல்லை. காளிராஜ் பேச்சை விட்டான். கேனை வேன் சீட்டுக்கு அடியில் தள்ளினான். நாடகத்தில் கேன் அது ஒன்றுதான் என்பது அவன் நினைப்பு. அவன் விழுந்ததும் பறையடி மாறும். நடன மாணவிகள் வந்து ஆடுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி தனி, சாமான் மூட்டையும் தனி. நான்கு காட்சியிலும் குப்புறக் கிடந்த அவனுக்கு அந்த ஆட்டம் வெறும் கால் சத்தம்.

ஊர் மந்தையில் மேடை. முன்வரிசையில் சோலைச்சாமியும் அவர் வீட்டாரும். மகன் நடிக்கிறான் என்ற பெருமையில் அழகுத்தாயே அவர்களை அழைத்திருந்தாள். என்ன நாடகம் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

நேரம் வந்தது. காளிராஜ் நெஞ்சைப் பிடித்தான். "யாத்தா, நெஞ்சு..." என்று மந்தை முழுக்கக் கேட்கக் கத்தினான். முகம் தெரியட்டும் என்று மல்லாக்க விழுந்தான். அதனால் முதல்முறையாக அந்த ஆட்டத்தைப் பார்த்தான்.

ஏழு பெண்கள். ஏழு பேர் உடம்பிலும் நீலக் கட்டம் போட்ட சட்டை. ஏழு பச்சைக் கேன். அண்ணாந்து வாயில் சரித்தார்கள். உதட்டோரம் சோப்பு நுரை வழிந்தது. வகுப்பில் அவன் சொன்ன ஒரு சொல்லையும் அவர்கள் விடவில்லை.

பக்கத்தில் ஆடிய துர்காதேவியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "கேன கீழ போடு துர்கா."

"செத்தவன் பேசாதலே" என்றாள் அவள், அடி தப்பாமல்.

கூட்டத்தில் ஒரு பெண், "அப்பம் பால்ச்சாமி அண்ணன்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அப்புறம் பறை மட்டும்தான்.

நாடகம் முடிந்ததும் சோலைச்சாமி மேடையோரம் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"நல்லாத்தான் நடிச்சீக தம்பி." அழகுத்தாயிடம் திரும்பினார். "வாரோம் தங்கச்சி. பூ வச்ச சேலையப் பிள்ளையே கட்டிக்கிடட்டும்."

அவர்கள் ஆட்டோ ஏறிப் போனார்கள்.

பேராசிரியர் காளிராஜின் தோளைத் தட்டினார். "நெஞ்சுவலி சொதப்பல். ஆனா கேன் வந்ததும் ஒரு அமைதி விழுந்துச்சு பாத்தியா? மதுரையில நமக்கு இது கிடைக்கல."

அழகுத்தாய் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நீ நெஞ்சத்தானடா புடிச்ச?"

"ஆமாம்மா."

"நான் பாத்தேன். நெஞ்சத்தான் புடிச்ச." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிருந்தா அழவில்லை. மேடையில் கிடந்த கேன் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"அன்னிக்கு வீட்டுல அடிச்ச வாடை இதுல இல்லண்ணே" என்றாள். "காட்டுக்கு மருந்தடிச்ச வாடைன்னு சொன்னீக. நானும் சரின்னுட்டேன்."