முந்தானையில் முடிந்த கொயினா

காய்ச்சலாயிருந்த கணவர் நாகேஸ்வரனின் கணுக்காலில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தபோது, கொசுக்கடி என்றுதான் வாலாம்பாள் நினைத்தாள். கரமனையில் கொசுவுக்கு என்ன பஞ்சம்? ஆனால் மறுநாள் பல் தேய்த்தவர் துப்பியதெல்லாம் ரத்தம். மத்தியானமாகியும் ஈறு கசிவது நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு டாக்டர் எலிசாள் நாகர்கோவில்காரி. வேறு மருந்து ஏதும் சாப்பிட்டாரா என்று கேட்டாள். வாலாம்பாள் இல்லையென்று தலையாட்டினாள். போன மாச மலேரியாக் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய கொயினா மாத்திரைகளை, இந்தக் காய்ச்சலுக்கும் யாரையும் கேளாமல் அவளே கொடுத்துவந்தாள். சொன்னால் திட்டுவார்களே என்று பயம். காய்ச்சலும் முழுசாக விடவில்லை. அதனால் நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் முந்தானை முடிச்சிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். ஆஸ்பத்திரி மருந்தென்று அவரும் விழுங்கினார்.

மூன்றாம் நாள் புள்ளிகள் மார்புவரை ஏறின. தூக்கி உட்காரவைத்தால், பிடித்த இடமெல்லாம் கன்றிக் கருநீலமாயிற்று.

எலிசாள் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“கேளுங்கம்மா. ரத்தத்துல சிவப்பணு மூச்சுக்காத்தைச் சொமக்கும். வெள்ளையணு நோயோட மல்லுக்கட்டும். அது ரெண்டும் இவருக்குக் கொறையில்ல. தட்டணுன்னு பொடிசா ஒண்ணு உண்டு. ரத்தக்குழாய் விரிசல் விட்ட இடத்தை ஓடிப்போய் அடைக்கது அதுதான். லட்சக்கணக்குல இருக்கணும். முந்தாநாள் இருபதாயிரம், இன்னைக்கு எட்டாயிரம். எதுவோ அதை அழிக்குது. மூளையில கசிஞ்சா நம்ம கையில ஒண்ணுமில்ல.”

வாலாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த இரண்டு மாத்திரைகளை நீட்டினாள்.

“நான்தான் குடுத்துண்டிருக்கேன். இன்னிக்குக் கார்த்தாலேயும் குடுத்தேன்.”

டாக்டர் திட்டவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது. சிலர் உடம்புக்குக் கொயினா ஆகாது, தட்டணுக்களை அழித்துவிடும், இனி வாயில் படவே கூடாது என்றாள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, நாலு நாள் போகட்டும் என்றாள்.

அந்த நாலு நாளும் அவர் கண்ணயர்ந்தால் போதும், எழுப்பி, “என்னைத் தெரியறதோ?” என்று கேட்டாள். ஒருமுறை தலை வலிக்கிறதென்றார். நர்ஸைத் தேடி வெறுங்காலோடு ஓடினாள். வெறும் தலைவலிதான்.

ஐந்தாம் நாள் ஈறு கசிவது நின்றது. தட்டணு முப்பதாயிரமானது, அடுத்த வாரம் லட்சத்தைத் தாண்டியது.

வீடு திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். தம்பானூர் ஸ்டாப் தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “தெருவிலே யார்கிட்டேயும் சொல்லாதே” என்றார்.

அவள்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, வெறுத்துப்போய்ச் சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.