திருப்பிப் போட்ட ஒயர்

வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று விளம்பரம் எழுதியவன் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. தாராவியில் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து, அதற்குள் ஓர் அறை, மேலே ஒரு பரண். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். இந்த மாளிகைக்குத்தான் என் வீட்டுக்காரர் இசக்கிதுரை எலெக்ட்ரிக் கார் வாங்கினார்.

தேவை என்று ஒன்றும் கிடையாது. அவருடைய பை தைக்கும் பட்டறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வாஷியில் ஃப்ளாட் வாங்கிப் போன பெரியப்பா மகன் கணேசபாண்டியன் ஒன்று வாங்கிவிட்டார். இவருக்கு அது போதும். அங்கே பார்க்கிங் சுவரிலேயே சார்ஜர் பெட்டி மாட்டியிருக்கிறது. இங்கே கார் நிற்பது தொண்ணூறடி ரோட்டில், வீடு இருப்பது உள்ளே.

ஆகவே ஒயர் வந்தது. பரண் ஜன்னலில் புறப்பட்டு, பக்கத்து வீட்டு நாகூர் மீரான் பாயின் தகரக் கூரைமேல் கிடந்து, ஒரு மொபைல் கடை போர்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கும் தடித்த கறுப்பு ஒயர். கூரைக்கு பாய் வாடகை கேட்கவில்லை. அதற்குப் பதில் மதியச் சாப்பாடு முடிந்ததும் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அவர் குறட்டைக்கும் எங்கள் மீட்டர்தான் ஓடியது.

கார் எங்கேயும் போகவில்லை. ஒரே ஒரு தடவை கிங்ஸ் சர்க்கிள் போய்க் காபி குடித்துவிட்டு வந்தோம். திரும்பி வந்ததும் சார்ஜ் குறைந்துவிட்டதைப் பார்த்து இவருக்கு முகம் செத்துப்போயிற்று. அதிலிருந்து ஓட்டுவதில்லை. போனில் சார்ஜ் எத்தனை என்று பார்ப்பதோடு சரி. யாராவது வந்தால் மட்டும் ரோட்டுக்கு அழைத்துப் போய் ஒரு வித்தை காட்டுவார். வண்டி கரண்ட் வாங்குவது மட்டுமில்லையாம், கொடுக்கவும் செய்யுமாம். சார்ஜ் ஏற்றுகிற வாயில் ஒரு ப்ளக்கைச் செருகி, அதில் கெட்டிலை மாட்டி, நடுரோட்டில் டீ போட்டுக் கொடுப்பார். "பிக்னிக் போனா டீக்குக் கவலையே இல்ல" என்பார். எந்த பிக்னிக், யாரோடு என்று நான் கேட்கவில்லை.

என் பிழைப்பு கிரைண்டரில் இருக்கிறது. மதியம் மாவாட்டி வைத்தால்தான் விடியற்காலையில் இட்லி. சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர்கள் என்னிடம் வந்து எடுத்துக்கொள்வார்கள். கார் குடித்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டரைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். மதியம் என் நேரம், அப்போது சார்ஜ் போடாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! இரண்டு நாள் மாவு பிந்திப் புளிக்காமல் இட்லி கல்லாகிவிட்டது. வியாபாரிகளில் மூத்த மாரிக்கண்ணன் அன்றைக்கு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"அக்கா, தப்பா நெனைக்காதிய. இன்னொரு தடவ இப்படின்னா நான் அடுத்த சந்துல எடுத்துக்கிடுதேன்."

அவன் கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அவன் போனால் மற்றவர்களும் அவன் பின்னாலேயே போவார்கள். அதற்குப் பிறகு என் அடுப்புக்கு வேலையில்லை.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வாஷிக்கு வரச்சொல்லி கணேசபாண்டியன் கூப்பிட்டிருந்தார். அண்ணாச்சி வீட்டுக்கு நூறு சதவீத சார்ஜோடு கிளம்ப வேண்டும் என்று இவர் எனக்குத் தெரியாமல் பரணில் ப்ளக்கைச் செருகிவிட்டார். கீழே நான் கிரைண்டரில் உளுந்தைப் போட்டேன். இந்த முறை ஃபியூஸ் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கொஞ்ச நேரத்தில் புகை வந்தபோது தெரிந்தது. அடிக்கடி போகிறதே என்று என் அறிவாளி ஃபியூஸில் கனத்த கம்பியாகச் சுற்றி வைத்திருக்கிறார். நாலு வீட்டுக்கும் பொதுவான மீட்டர் பலகையே கருகி, பாய் வீடு உட்பட எல்லாம் அணைந்துபோயிற்று.

ஒயர்மேன் அஸாருதீன் வந்து பலகையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "நாளைக்கு சண்டே. திங்கக்கிழமதான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஊறின அரிசி அண்டாவிலும் பாதி அரைந்த உளுந்து கிரைண்டரிலும் கிடந்தன. இந்த நேரத்தில் மற்ற இட்லி வீடுகளில் அவரவர் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் நிறுத்திவிட்டு எனக்குத் தரமாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் இவர் ரோட்டிலிருந்து ஓடிவந்தார்.

"ஏட்டி, பயப்படாத. தொண்ணூத்தாறு ஏறிட்டு. வாஷிக்குத் தாராளமா போயிரலாம்."

அழுகை நின்றுவிட்டது.

"அந்த டீ போடுத ப்ளக்க எடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"டீ போடத்தான்."

ஒயரின் வீட்டு முனையில் ப்ளக், ரோட்டு முனையில் சாக்கெட். கரண்ட் இப்போது அங்கிருந்து இங்கே வர வேண்டும். முழு ஒயரையும் உருவித் தலைமாற்றிப் போட்டால் தீர்ந்தது. பாயைக் கூரையில் ஏறச் சொன்னேன். "இந்த வெயில்லயா தங்கச்சி?" என்று இழுத்தார். "உள்ள ஃபேனும் ஓடல, கார்லயும் இனிமே படுக்க முடியாது. ஏறுங்க பாய்" என்றேன். ஏறினார்.

அப்போதுதான் இவருக்கு விஷயம் புரிந்தது. "ஏட்டி முத்துமாரி, பேட்டரி என்னத்துக்கு ஆகும்? சொன்னாக் கேளு!" என்று என் பின்னாலேயே வந்தார்.

"ஆறு மாசமா என் கரண்டக் குடிச்சிருக்குல்லா. இப்பம் கக்கட்டும்."

வீட்டுப் பக்கம் வந்த சாக்கெட்டில் கிரைண்டரை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கல் மெல்ல அசைந்து சுற்ற ஆரம்பித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் காரைக்கூட மன்னித்திருப்பேன். இவர் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு எறங்கிட்டு."

"எறங்கட்டும்."

"இன்னொண்ணும் போச்சு."

"போகட்டும். கார் நாளைக்கும் இங்கதான் நிக்கும். நாளைக்கு மாவ யாரு ஆட்டுவா, உங்க அண்ணாச்சியா?"

பலகை எரிந்த செய்தி கேட்டு மாரிக்கண்ணன் சைக்கிளில் வந்தான். டிரம்மில் உளுந்து மாவு பொங்கப் பொங்க நிற்பதைப் பார்த்தான். ஒயரைப் பார்த்தான், அது போகிற திசையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காலைல வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன கையோடு போன் அடித்தது. கணேசபாண்டியன். கிரைண்டர் சத்தத்தில் அவர் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்விட்ச் பக்கத்திலிருந்து நகரவில்லை.

"இல்ல அண்ணாச்சி, நாளைக்கு வர முடியாது" என்றார் இவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டி வேலையா இருக்கு."

அந்தக் காரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. நான் அரிசியை அள்ளிக் கிரைண்டரில் போட்டேன்.