ஒரே ஒரு வெள்ளைக் குண்டு

ஐயோவா மாநிலத்து அந்தச் சின்னக் கல்லூரி கறாராகச் சொல்லிவிட்டது: உள்ளூர் மாணவியர் சங்கங்கள் வசந்தத்துக்குள் ஏதாவது ஒரு தேசியச் சங்கத்தோடு சேர வேண்டும், இல்லையென்றால் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒமாஹாவிலிருந்து ஒரு சின்னச் சங்கம் வந்து, எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. அங்கிருந்த ஓர் உள்ளூர்ச் சங்கத்துப் பெண்களுக்கு அது ருசிக்கவில்லை. சட்டையில் தங்கச் சின்னம் குத்திக்கொள்ளும் பெரிய தேசியச் சங்கம்தான் வேண்டுமாம்!

அந்தப் பெரிய சங்கத்தின் பெயரைக் கேட்டாலே இந்தப் பெண்களின் தலைவி வெர்னாவுக்கு வயிறு எரியும். முன்பு வேறு கல்லூரியில் படித்தபோது, அவளைச் சேர்க்கலாமா என்று அவர்கள் வாக்கெடுத்தார்கள். மூடிய பெட்டிக்குள் ஆளுக்கொரு கோலிக்குண்டு போட வேண்டும்; சம்மதம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. "பன்றி வளக்கிறவர் பொண்ணாமே" என்று சிரித்தபடி, பெட்டியில் விழுந்த கறுப்பை வெர்னாவிடமே எடுத்துக் காட்டியவள் மிஸஸ் தார்ன்பரி. அதே புண்ணியவதிதான் இன்று அந்தச் சங்கத்தின் சார்பில் பேச வந்திருந்தாள். வெர்னாவை அவளுக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. மனுஷியா இவள்!

கேக்கைத் தின்றுவிட்டுச் சமையலறைக்கு வந்து வெர்னாவிடம் கிசுகிசுத்தாள்.

"எல்லாரையும் எடுத்துக்கறோம்மா. அந்த ஓபல் மட்டும் வேண்டாம். அவ அம்மா ஊரார் துணி துவைக்கிறவளாமே."

மாட்டினாயா! வெர்னாவுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

"நான் சொன்னா நல்லா இருக்காதுங்க. நீங்க பெரியவங்க, கூடத்துல நீங்களே சொல்லிடுங்க. அப்புறம் உங்க சங்கத்துல சேரலாமான்னு உங்க வழக்கப்படியே குண்டு போட்டுடறோம்."

பெருமை தாங்காமல் அவள் போய்ச் சொன்னாள், ஓபலை எதிரில் வைத்துக்கொண்டே. பெட்டி எல்லார் கைக்கும் போய் வந்தது. வெர்னா தன் கறுப்பை ஆசை ஆசையாகப் போட்டாள்.

பிறகு பெட்டியை அந்த அம்மாள் முன்னால் கவிழ்த்தாள். வெர்னா எதிர்பார்த்தது தான் போட்ட ஒரே ஒரு கறுப்பைத்தான். உருண்டதெல்லாம் கறுப்பு! நடுவில் ஒரே ஒரு வெள்ளை.

"பன்றி வளக்கிறவர் பொண்ணு நான்தாங்க. இப்பவாவது ஞாபகம் வருதா?"

மிஸஸ் தார்ன்பரியின் முகம் செத்துப்போனது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"ஒருத்திக்காவது நல்ல வளர்ப்பு இருக்கே! வெள்ளை போட்டவ யாரு? அவளை மட்டும் எங்க சங்கத்துல நானே சேர்த்து விடறேன்."

ஓபல் எழுந்து நின்றாள்.

"நான்தாங்க போட்டேன். என்னால இவங்க ஆசை கெட்டுடக் கூடாதேன்னு."

கூடத்தில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மிஸஸ் தார்ன்பரி வெளியே போக, வெர்னா வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.