அழித்து நிறுவுக

திங்கட்கிழமை காலை எட்டரைக்குள் அழகருக்கு ஒரு லாப்டாப் வேண்டும். பம்பலப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனி அவனைப் பயிலுநனாக எடுத்திருந்தது. சம்பளம் கிடையாது. மேசை உண்டு, இரண்டு வேளைத் தேநீர் உண்டு. லினக்ஸ் ஓடும் லாப்டாப்பை மட்டும் பையன் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று மின்னஞ்சலில் மிகவும் அன்பாக எழுதியிருந்தார்கள்.

கையில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் இருந்தது. அந்தத் தொகைக்குக் கொழும்பில் விற்கப்படும் அத்தனை லாப்டாப்பையும் அவன் இரண்டு வாரமாகப் பார்த்துவிட்டான். எல்லாம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வார்டிலிருந்து டாக்டருக்குத் தெரியாமல் எழுந்து வந்தவை போலிருந்தன. ஒன்றில் லினக்ஸ் ஏறியது, ஆனால் வைஃபை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. இன்னொன்று மின்கம்பியைக் கழற்றிய மறுவிநாடி உயிரை விட்டது. ஜப்பானிலிருந்து வந்த ஒன்றில் விசைகள் எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருந்தன. "சல்லிக்கு ஏத்த சாமான் தம்பி. இங்கிலிஷ் ஸ்டிக்கர் ஃப்ரீயா தாறேன்," என்றான் கடைக்காரன்.

சிறியதாக இருக்க வேண்டும் என்பது அழகரின் ஆசையல்ல. கொட்டாஞ்சேனை வீட்டின் கட்டளை. இரண்டு அறைகளில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசை ஒன்றுதான். அதில் அம்மாவின் தையல் மெஷின் குடியிருந்தது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தை அவன் அடிமட்டம் வைத்து அளந்திருந்தான்.

சனிக்கிழமை காலை அந்த விளம்பரம் வந்தது. "சிறிய லாப்டாப், பதினொன்றரை அங்குலம், எட்டு ஜீபீ ரேம். உரிமையாளர் வெளிநாடு. கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் அழைக்கவும்." கடைசி வரியைப் படித்தபோது யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல அழகருக்கு இருந்தது. போன் பண்ணிவிட்டு, பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனான்.

கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி. கதவைத் திறந்தவர் இரத்தினசிங்கம். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

"தம்பி எவடம்?"

"கொட்டாஞ்சேனைங்க அங்கிள்."

"அது இருக்கிற இடம். சொந்த இடம்?"

"ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம்."

"ஓ," என்றார் இரத்தினசிங்கம். அந்த 'ஓ' அழகருக்குப் பழக்கமானது. வெள்ளவத்தையில் எல்லா மாடிகளிலும் கிடைக்கும். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

ஹாலில் மேசைமேல் லாப்டாப் இருந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு படம் இருந்தது. படத்திலிருந்த பையனுக்கு அழகரின் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது, சின்ன மின்விளக்கு ஒன்று எரிந்தது.

அழகர் படத்தைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"வெளிநாடுன்னு போட்டிருந்தீங்களே அங்கிள்."

"செத்தவற்ற சாமான் எண்டு போட்டா ஆர் தம்பி வாங்குவினம்?" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சுபோதினி வந்தாள். கையில் ஒரு கொப்பி. வணக்கம் எதுவும் சொல்லாமல் அழகருக்கு எதிரே அமர்ந்தாள்.

"மகன், தேனுஜன்," என்றாள். "எட்டு மாசம் ஆச்சுது. இந்த ஒழுங்கை முடியுற இடத்தில றெயில் அடிச்சது."

"விபத்து," என்றார் இரத்தினசிங்கம். "காதில இயர்ஃபோன். பொலிஸும் அப்பிடித்தான் எழுதினது."

"பொலிஸ் எழுதினதை நான் வாசிச்சிட்டன். அவன் எழுதினதைத்தான் வாசிக்கேல்லை." அவள் அழகரிடம் திரும்பினாள். "போன் சுக்குநூறாப் போச்சு. இருக்கிறது இது ஒண்டுதான். விபத்தெண்டா விபத்து, இல்லையெண்டா இல்லை. ரெண்டில ஒண்டு எனக்குத் தெரியவேணும் தம்பி. இஞ்ச ஒரு நாளைக்கு எத்தினை றெயில் போகுதெண்டு உங்களுக்குத் தெரியுமோ? ஒவ்வொரு றெயிலுக்கும் நான் ஒருக்கா அப்பிடி நினைக்கிறன், ஒருக்கா இப்பிடி நினைக்கிறன்."

கொப்பியை நீட்டினாள். அவள் இதுவரை முயன்று பார்த்த கடவுச்சொற்கள், நாற்பத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் எதிரே தவறு என்று ஒரு புள்ளடி. பிறந்த தேதி, பள்ளிக்கூட இலக்கம், செத்துப்போன நாயின் பெயர். பம்பலப்பிட்டியில் இரண்டு கடைகளுக்குக்கூடக் கொண்டுபோயிருந்தாள். இரண்டு கடையிலும் ஒரே பதில்: அழித்துத்தான் திறக்கலாம்.

"ஆர் இதைத் திறந்து காட்டுறாரோ அவருக்குத்தான் விக்கிறது. அப்பிடியெண்டுதான் நான் விளம்பரத்துக்கே ஓம் எண்டனான்."

அழகருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் அவன் சட்டைப் பைக்குள் இருந்தது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டால், டிஸ்க்கில் உள்ளதைக் கடவுச்சொல் கேட்காமல் பார்க்கலாம். வாங்கப்போகும் லாப்டாப்பை அவன் எப்போதும் அப்படித்தான் சோதிப்பான்.

பென் டிரைவைச் செருகினான். திரை விழித்தது. வைஃபை உடனே பிடித்தது. சத்தம் வந்தது. கேமரா, விசைகள், பாட்டரி, எல்லாம் சொன்னபடி கேட்டன. இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக் கேஸ்களையே பார்த்தவனுக்கு மாப்பிள்ளை பார்த்தது போலிருந்தது. டிஸ்க் சோதனையையும் ஓட்டினான்; நூற்றைம்பது ஜீபீக்கு மேல் நிரம்பியிருந்தது.

"டிஸ்க்கு அருமையா இருக்கு ஆன்ட்டி. ஒரு கீறல் இல்ல. நீங்க எழுதின பாஸ்வேர்ட் ஒண்ணுமே தேவையில்ல. இது பின்பக்க வாசல் வழியா போகும். இந்தா பாருங்க, இந்தப் பெட்டி மாதிரி படத்துல ஒருக்கா அமத்தினா உங்க மகனோட எல்லாம் வந்துரும்."

சுபோதினி எழுந்து நின்றாள். எட்டு மாதம் காத்திருந்தவள் ஓடிவந்து அமத்துவாள் என்று அழகர் எதிர்பார்த்தான். அவள் சேலையைச் சரிசெய்தாள்.

"பொறுங்கோ," என்றாள். "கண்ணாடி எடுக்கவேணும். உங்களுக்கு இன்னும் ஒரு தேத்தண்ணிகூடத் தரேல்லை. நான் வரும்வரைக்கும் திறக்க வேண்டாம், என்ன?"

குசினியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை இரத்தினசிங்கம் அசையவில்லை. பிறகு கதிரையை அழகருக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.

"இதை அழிக்கவும் உமக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"இப்பவே அழியும். அவள் வாறதுக்குள்ள. லாப்டாப் உமக்கு. ஒரு சதமும் வேண்டாம்."

"அங்கிள், ஆன்ட்டிகிட்ட இப்பதானே சொன்னேன்..."

"தம்பி, இப்ப அவளுக்குப் பாதி நாள் விபத்து, பாதி நாள் மற்றது. பாதி நாளாவது சாப்பிடுறாள். நீர் திறந்தீரெண்டா முழு நாளும் ஒண்டாயிடும். அது எது எண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவும் வேண்டாம்."

"வேணும்னா முதல்ல உள்ள இருக்கிறத ஒரு கொப்பி எடுத்து வச்சிரலாமே அங்கிள்."

"கொப்பியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்." குரல் இறங்கியது. "உமக்குத் திங்கட்கிழமை வேணுமெண்டு போனில சொன்னீரெல்லோ?"

இந்த இடத்தில் அழகர் எழுந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, நேர்மையாக பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். அவன் மனதில் வந்தது தையல் மெஷினும் சுவரும் அந்த இடைவெளியும். முப்பத்தைந்தாயிரத்தில் ஒரு ரூபாயும் குறையாமல் வீட்டுக்குப் போகும் காட்சியும் வந்தது. கெட்ட காரியம் செய்பவர்களுக்கு வியர்க்கும், பின்னால் இசை வரும் என்று அவன் படங்களில் பார்த்திருந்தான். அவனுக்கு வந்தது ஒரு சின்னப் பெட்டி மட்டும். 'டிஸ்க்கை அழித்து லினக்ஸை நிறுவுக.' அமத்தினான். 'உறுதிதானா?' என்று லாப்டாப் ஒரு தடவை கேட்டது. இரத்தினசிங்கம் அதுகூடக் கேட்கவில்லை.

இரண்டாவது முறையும் அமத்தினான்.

சுபோதினி தேநீரோடும் கண்ணாடியோடும் வந்தபோது திரையில் ஒரு நீளக் கோடு இடமிருந்து வலமாக நிரம்பத் தொடங்கியிருந்தது. அவள் குனிந்து ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"கொப்பியிங் ஃபைல்ஸ். ஆ, எடுக்குது என்ன?" முகம் மலர்ந்தது. "நான் சொன்னனான் நான் வந்த பிறகு எண்டு. பரவாயில்லை. எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு பதினஞ்சு நிமிஷம் ஆன்ட்டி."

"கனக்க இருக்குது போல. அவன் ஒண்டையும் எறியமாட்டான்."

கதிரையை இழுத்துத் திரைக்கு நேரே போட்டு அமர்ந்தாள். லினக்ஸ் தன்னைப் பற்றி விளம்பரப் படங்களைக் காட்டியது. உங்கள் புகைப்படங்களை அழகாக அடுக்குங்கள் என்றது. ஒரு குடும்பம் கடற்கரையில் சிரித்தது. அழகர் தேநீரைக் குடித்தான். நாக்கு சுட்டது, ஆனாலும் நிறுத்தாமல் குடித்தான். கீழே றெயில் ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து நிற்கும்வரை சுபோதினி கையில் எடுத்த பிஸ்கட்டைக் கடிக்கவில்லை.

நடுவில் மெஷின் பெயர் கேட்டது.

"யார் பேருன்னு கேக்குது."

"ஏன், அவன்ர பேர்தானே? தேனுஜன் எண்டு போடுங்கோ."

போட்டான். கடவுச்சொல் கேட்டது.

"இதுக்கு என்ர பேரைப் போடுங்கோ தம்பி," என்றாள் சுபோதினி. "இனிமேலாவது நான் மறக்காமல் உள்ள போகலாம்."

இரத்தினசிங்கம் யன்னலுக்குப் போய் வெளியே பார்க்கத் தொடங்கினார்.

கோடு நிரம்பியது. மெஷின் அணைந்து எழுந்தது. சுபோதினியே ஒவ்வொரு விசையாகத் தன் பெயரை அடித்தாள். உள்ளே விட்டது. அவள் ஒரு சின்னப் பிள்ளை போல இரண்டு கையையும் சேர்த்துத் தட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆவணங்கள் என்ற பெட்டியைத் திறந்தாள். வெறுமை. படங்கள். வெறுமை. பாட்டு, காணொளி, பதிவிறக்கம். ஒவ்வொன்றையும் மூடிவிட்டு, சரியாகத் திறக்கவில்லையோ என்று மறுபடி திறந்தாள்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையே தம்பி."

"சில நேரம் ஆன்ட்டி, டிஸ்க்கு பழசானா தானாவே அழிஞ்சு..."

"டிஸ்க் அருமை எண்டீங்கள். ஒரு கீறல் இல்லையெண்டீங்கள்."

அவள் குற்றம் சாட்டவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்து மடியில் வைத்தாள்.

"துடைச்சு வச்சிட்டுப் போயிருக்கிறான்," என்றாள்.

"சுபோ..." என்றார் யன்னலிலிருந்து அவர்.

"கடைசிக் கிழமை அலுமாரியை அடுக்கினவன். நீங்கள் பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுதெண்டு சிரிச்சனீங்கள். லைப்ரரிப் புத்தகத்தைக் குடுக்கவேண்டிய நாளுக்கு முந்தியே கொண்டுபோய்க் குடுத்தவன். அதெல்லாத்தையும் நான் ஒரு பக்கத்தில வச்சனான். இயர்ஃபோனை மற்றப் பக்கத்தில வச்சனான். சமனாத்தான் நிண்டது." குரல் உடையவில்லை. அழுதிருந்தால் அழகருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "விபத்தில சாகிறவன் ஏன் துடைக்கிறான்? போறதெண்டு போறவன்தான் துடைப்பான்."

அழகர் இரத்தினசிங்கத்தைப் பார்த்தான். அவர் திரும்பவில்லை. இந்த வகை டிஸ்க்கில் அழித்தது அழித்ததுதான்; எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் வராது. அது அவனுக்குத் தெரியும். வாயால் சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னான்.

"ஆன்ட்டி, நான்தான் அழிச்சேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க தேத்தண்ணி போடப் போனப்ப. அங்கிள்தான் அழிக்கச் சொன்னாரு. லாப்டாப்ப சும்மா தாறேன்னாரு. உள்ள எல்லாம் இருந்துச்சு ஆன்ட்டி. நூத்தம்பது ஜீபீக்கு மேல இருந்துச்சு. உங்க மகன் ஒண்ணும் அழிக்கல. நான் என்ன இருந்துச்சுன்னு பாக்கக்கூட இல்ல."

சுபோதினி மெதுவாகக் கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"ஓமோ?"

இரத்தினசிங்கம் ஒருவழியாகத் திரும்பினார். முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்த மனிதர். அழகரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நல்ல பிள்ளை," என்றார்.

"ஓம்," என்றாள் சுபோதினி. "நல்ல பிள்ளை. ஆரெண்டே தெரியாத எனக்காகப் பழியைத் தன்ர தலையில போடுறார்."

"இல்ல ஆன்ட்டி, சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதேங்கோ ராசா. பொய்க்குச் சத்தியம் பண்ணக்கூடாது."

லாப்டாப்பை மூடினாள். சார்ஜர் வயரை நேர்த்தியாகச் சுற்றி, இரண்டையும் ஒரு புடவைக்கடைப் பையில் போட்டாள். அழகர் வேண்டாம் என்றான். அவள் அவன் கையை விரித்துப் பையின் காதுகளை மாட்டிவிட்டாள். வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே மறுபடி சொன்னான்: அழித்தது நான், அங்கிளைக் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். மூன்றாம் தடவை சொன்னபோது அவள் அவன் தலையைத் தடவிவிட்டாள்.

"காணும் ராசா, விடுங்கோ," என்றாள். "எனக்கு இப்ப தெரிஞ்சிட்டுது. கவனமாப் போங்கோ, லைனைக் கடக்கேக்க ரெண்டு பக்கமும் பாருங்கோ."